தேதி இருக்கிறது, ஆண்டு இல்லை: பழைய குவார்ட்டெட் நோட்டீஸின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

அட்லாண்டாவில் இருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: "பழைய சாமான் கடையில் ஒரு கச்சேரி நோட்டீஸ் வாங்கினேன். பிளாக்வுட் பிரதர்ஸ், ஸ்டேட்ஸ்மென் என்று இரண்டு காஸ்பல் குவார்ட்டெட் குழுக்கள் (நான்கு பேர் சேர்ந்து கிறிஸ்தவ பக்திப் பாட்டுப் பாடுவார்களே, அது). கிழமையும் தேதியும் இருக்கிறது, ஆண்டு இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? லாமினேட் செய்யலாமா?"

லாமினேட் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைக் காகிதம் கெடாமல் பிரிக்க முடியாது.

சரி, ஆண்டு. எல்லோரும் முதலில் படத்தைத்தான் பார்ப்பார்கள், ஆனால் கையில் கிடந்த பழைய படத்தையே அச்சுக்குக் கொடுத்துவிடுவது எந்தக் காலத்திலும் உண்டு, அதனால் படத்தை வைத்து 'இதற்கு முந்தியது இல்லை' என்று மட்டும்தான் சொல்லலாம். கிழமையும் தேதியும் அப்படி ஏமாற்றாது. உதாரணத்துக்கு, 'மே 8, சனிக்கிழமை' என்று இருந்தால், நாற்பதுகளின் கடைசியிலிருந்து அறுபதுகளின் கடைசி வரை 1948, 1954, 1965 மூன்றுதான் பொருந்தும். ஹோவி லிஸ்டர் ஸ்டேட்ஸ்மென் குழுவைத் தொடங்கியதே 1948 அக்டோபரில், ஆக அது கழிந்தது. ஸ்டேட்ஸ்மென் பாடகர் ஜேக் ஹெஸ் பெயர் அச்சாகியிருந்தால் 1965-உம் போச்சு, அவர் 1963-லேயே விலகிவிட்டார். மிச்சம் 1954. அந்த ஆண்டு ஜூன் 30 அன்று அலபாமாவின் கிளான்டனில் விமானம் விழுந்து பிளாக்வுட் குழுவின் ஆர்.டபிள்யூ. பிளாக்வுட்டும் பேஸ் (அடிக்குரல்) பாடகர் பில் லைல்ஸும் இறந்தார்கள், லைல்ஸ் இடத்துக்கு ஜே.டி. சம்னர் வந்தார். அதனால் பிளாக்வுட் குழுவில் பேஸ் யார் என்று போட்டிருக்கிறது பாருங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். முகவரியில் ஐந்து இலக்க ஜிப் கோடு (அமெரிக்க அஞ்சல் குறியீடு) இருந்தால் 1963 ஜூலைக்குப் பிந்தையது.

அப்புறம் அடிவரி, அதாவது ஏற்பாட்டாளர் பெயர். எனக்கு இதுதான் முக்கியம். 1910-ல் டென்னசியின் லாரன்ஸ்பர்க்கிலிருந்து ஜேம்ஸ் வான் ஒரு குவார்ட்டெட்டை ஊர் ஊராக அனுப்பியது தன் பாட்டுப் புத்தகங்கள் விற்கத்தான். கச்சேரிக்கே டிக்கெட் போட்டு அரங்கை நிரப்பும் தொழிலைப் பெரிதாக்கியவர்கள் வாலி ஃபௌலர் போன்றவர்கள். 1948 நவம்பரில் நாஷ்வில் ரைமன் அரங்கில் விடிய விடியப் பாட வைத்தவர் அவர். டெக்சாஸில் டபிள்யூ.பி. நௌலின் குழுக்களைப் போட்டிக்கு விடுவதுபோல் விளம்பரம் செய்து கூட்டம் சேர்த்தார். பாடகர்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். சின்ன ஊர் ஏற்பாட்டாளர்களுக்கோ பல இடங்களில் இந்த மாதிரித் தாள்தான் மிஞ்சியிருக்கும் சாட்சி. ஃபிரேம் போடும்போது கடைக்காரர் ஓரத்தை வெட்டவோ அட்டையால் மறைக்கவோ விடாதீர்கள். ஏற்பாட்டாளர் பெயரையும் நீங்கள் கணித்த தேதியையும் எடுத்துக்கொண்டு உள்ளூர் நூலகத்தில் அந்த வாரத்துப் பத்திரிகை விளம்பரங்களைத் தேடுங்கள்.