கொரோனாவுக்குப் பிறகு குளிர்பான வியாபாரம்: கேள்வி பதில்

குளிர்பான ஏஜென்சி நடத்திவரும் ஒருவர், 2020 முதல் இந்தச் சந்தையில் நடந்தவை பற்றிய கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

வீட்டிலேயே அடைந்து கிடந்தவர்கள் அதிகமாகத்தானே குடித்திருக்க வேண்டும்? விற்பனை ஏன் விழுந்தது? (வணிகவியல் மாணவி, கோவை)

மளிகைப் பட்டியலில் குளிர்பானத்தை எழுதுகிறவர்கள் குறைவு, அம்மா. பஸ் நிலையத்தில், தியேட்டர் இடைவேளையில், பிரியாணி சாப்பிட உட்கார்ந்த இடத்தில் கண்ணில் பட்டால் வாங்குவோம். 2020 மார்ச் 25 அன்று அந்த இடங்களெல்லாம் மூடிக் கிடந்தன. ஆண்டு வியாபாரத்தைத் தூக்கி நிறுத்தும் ஏப்ரல், மே, ஜூன் அதோடு போயிற்று. உலகம் முழுக்க இதே நிலைதான். கோகோ கோலாவின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி, மக்கள் வெளியே குடிப்பதால் வருவது; 2020 இரண்டாம் காலாண்டில் அந்த நிறுவனத்தின் வருமானம் 28 சதவீதம் சரிந்தது. சிப்ஸும் விற்கும் பெப்சிகோவுக்கு 3 சதவீத அளவில்தான் சரிவு. வீட்டில் இருந்தவர்கள் கொறித்துத் தள்ளியிருக்கிறார்கள்!

அண்ணே, அப்போது இரண்டு லிட்டர் பாட்டில் நன்றாகப் போனது. லாபம் மட்டும் நிற்கவில்லையே? (மளிகைக்கடைக்காரர், திருமங்கலம்)

எப்படி நிற்கும், தம்பி? கால் லிட்டர் 20 ரூபாய் என்றால் லிட்டர் 80 ரூபாய்க்குப் போகிறது. பெரிய பாட்டிலில் லிட்டருக்கு 50 ரூபாய் தேறுவதே கடினம். சின்ன பாட்டிலில் குளிர்ச்சிக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார்கள். பெரியதை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்வார்கள்.

ஊரடங்கு முடிந்து கடை திறந்தபோது சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களில் கேஸே இல்லை. கண்ணாடி பாட்டில் நன்றாக இருந்தது. ஏன் ஐயா? (பெட்டிக்கடை நடத்துபவர், திண்டுக்கல்)

பிளாஸ்டிக் வழியாகக் கரியமில வாயு மெல்லக் கசியும், கண்ணாடியில் கசியாது. பாட்டில் சிறியதாக ஆக, உள்ளிருக்கும் பானத்தின் அளவுக்கு அதன் பரப்பு அதிகம். அதனால் சின்னது முதலில் சப்பென்று ஆகும். பூட்டிய கடையின் வெக்கை வேறு. காலாவதிச் சரக்கை மாற்றித் தருவதாக யாராவது வாய்வார்த்தையாகச் சொன்னால் நம்பாதீர்கள், அம்மா, எழுதி வாங்குங்கள்.

அமெரிக்காவில் அப்போது தட்டுப்பாடாமே? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

ஆமாம் ஐயா. எல்லாரும் வீட்டில் குடித்ததால் அலுமினிய டின் போதவில்லை. பெட்ரோல் விற்பனை விழ, அதில் கலக்கும் எத்தனால் ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன. அங்கே துணைப்பொருளாகக் கிடைக்கும் கரியமில வாயுவும் குறைந்தது. சிறிய பெயர்களைக் கைவிட நிறுவனங்களுக்கு இது நல்ல சாக்கு. 1963-இல் வந்த, கோகோ கோலாவின் சர்க்கரையில்லா பானமான ‘டேப்’ (Tab) அப்படித்தான் முடிந்தது.

பன்னீர் சோடா, கோலி சோடா தயாரிக்கத் தொடங்கலாமா? (இளைஞர், விருதுநகர்)

தொடங்கலாம், தம்பி. 2017 மார்ச்சில் தமிழக வணிகர் சங்கங்கள் கோக், பெப்சியைப் புறக்கணித்தபோது உள்ளூர்ப் பானங்களுக்குக் கடைகளில் இடம் கிடைத்தது. கொரோனா வேறு மாதிரி அடித்தது. சிறு தயாரிப்பாளரின் முதல் முழுவதும் காலி பாட்டிலில் கிடக்கிறது. மூடிய கடைகளில் அது சிக்கிக்கொண்டது. 2021 மே மாதம் மறுபடியும் முழு ஊரடங்கு, இரண்டாவது கோடையும் போயிற்று. இப்போது 10 ரூபாய்க்கு 200 மில்லி காம்பா கோலா வேறு போட்டிக்கு நிற்கிறது. விலையில் அதோடு மோதாதீர்கள். பாட்டிலுக்கு டெபாசிட் வாங்காமல் சரக்கு இறக்காதீர்கள். கடன் கேட்கும் கடைகளைத் தொடக்கத்திலேயே தவிர்த்துவிடுங்கள்.