கிள்ளான் அல்ல அக்கா, க்ளாங்!

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம்.

சனிக்கிழமை பட்டர்வொர்த் மண்டபத்தில் வரிசை நீளமாக இருந்ததால் உங்களோடு ஐந்து நிமிடம்கூட உட்கார்ந்து பேச முடியவில்லை. நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன தாளை வீட்டில் இரண்டு முறை படித்தேன். தம்பிக்குப் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொழிற்பயிற்சி இடம் கிடைத்திருக்கிறது. அவன் வேண்டாம் என்கிறான். காரணம் கேட்டால், “அங்கே க்ளாங்தான் பயன்படுத்துறாங்க, அது என் கொள்கைக்கு ஒத்துவராது” என்கிறான். கிள்ளானுக்கு மாற்றிவிடுவார்கள் என்று பயப்படுகிறானோ என நினைத்ததாக எழுதியிருந்தீர்கள். சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். இது ஊர் இல்லை, கம்பைலர். நாம் எழுதும் நிரலை சில்லுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள். தம்பி பிடித்துக்கொண்டிருக்கும் ஜிசிசி ஒன்று, க்ளாங் இன்னொன்று.

“இவன் சொல்வது சரியா, இல்லை கிறுக்கா?” என்று கேட்டிருக்கிறீர்கள். கிறுக்கு இல்லை. ஆனால் பாதிக் கதையைத்தான் படித்திருக்கிறான்.

முதலில் அவன் பக்கம். 1990-களில் பிறையில் ஒரு தொழிற்சாலையில் சோதனை இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இயந்திரத்தின் நிரலை மாற்ற, காசு கொடுத்து வாங்கிய ஒரு கம்பைலர் இருந்தது. பிரிண்டர் செருகும் இடத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு சாவியைச் செருகினால்தான் அது வேலை செய்யும். ஒருநாள் சாவி செத்துவிட்டது. விற்ற கம்பெனிக்குத் தொலைநகல் அனுப்பினோம். கம்பெனியே மூடியாகிவிட்டது. நிரல் எங்கள் கையில், இயந்திரம் எங்கள் கையில், திருத்த வேண்டியது மூன்றே வரி. ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் வேறு கம்பைலருக்கு மாற்றி எழுதினோம், ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் மேலாளரிடம் பதில் சொன்னவன் நான். ஆகவே, கருவி நம் கையில் இருக்க வேண்டும் என்று தம்பி சொல்லும்போது என்னால் சிரிக்க முடியாது.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் ஜிசிசியை வெளியிட்டதும் இந்த எண்ணத்தில்தான். யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம். திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால் மூல நிரலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அதன் ஜிபிஎல் உரிமத்தின் நிபந்தனை. அது வெறும் பேச்சாக இருக்கவில்லை. ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனம் ஆப்ஜெக்டிவ்-சி என்ற நிரல்மொழிக்கான பகுதியை ஜிசிசியின் மேல் கட்டி, தன் பங்கை மூடிவைக்கப் பார்த்தது. உரிமம் விடவில்லை, திறந்து கொடுத்தார்கள்.

ஆனால் அந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. இதைத்தான் தம்பி படிக்காமல் விட்டிருக்கிறான். மூடிய மென்பொருள்காரர்கள் ஜிசிசியின் ஒரு பாதியை மட்டும் உருவிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று, அதன் உள்வேலையை வெளியே எடுத்துக் கொடுக்கும் வழிகளை ஸ்டால்மன் நெடுங்காலம் எதிர்த்தார். திருடனுக்குப் பயந்து கொல்லைக் கதவை ஆணியடித்து மூடினால் வீட்டுக்காரனும் முன்வாசல் வழியாகத்தானே சுற்றிவர வேண்டும்? நிரல் எழுதும்போதே பிழை காட்டும் கருவி, பெயரை முடித்துக் கொடுக்கும் கருவி என எதைக் கட்டுவதற்கும் கம்பைலரின் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். ஜிசிசியில் செருகுநிரலுக்கு, அதாவது வெளியார் எழுதிச் சேர்க்கும் துண்டுகளுக்கு, இடம் கிடைத்தது 2010-இல், அதுவும் உரிமத்தில் பாதுகாப்பான வாசகத்தைச் சேர்த்த பிறகு.

அதற்குள் 2000-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னர், கம்பைலர் கட்டுவதற்கான எல்எல்விஎம் திட்டத்தைத் தொடங்கியிருந்தார். எந்தத் துண்டையும் தனியாகக் கழற்றிப் பயன்படுத்தலாம் என்ற அமைப்பு. 2005-இல் அதை ஜிசிசியோடு சேர்க்கலாம், பதிப்புரிமையையும் எழுதித் தரலாம் என்று அவர் மின்னஞ்சல் அனுப்பினார். அந்தக் கடிதம் தன் கண்ணில் படவே இல்லை என்று பத்து ஆண்டுகள் கழித்து ஸ்டால்மன் சொன்னார்! (தம்பி விரிவுரையாளர் அனுப்பும் மின்னஞ்சலைத் திறப்பதில்லை என்று எழுதியிருந்தீர்களே, இதை அவனிடம் சொல்லுங்கள்.) அதே ஆண்டு ஆப்பிள் லாட்னரை வேலைக்கு எடுத்தது. எல்எல்விஎம் மேல் கட்டிய க்ளாங் 2007-இல் திறந்துவிடப்பட்டது. 2014-இல் வந்த ஃப்ரீபிஎஸ்டி 10 என்ற இயங்குதளம் ஜிசிசியை விட்டு க்ளாங்குக்கு மாறியது.

ஆட்கள் மாறியதற்குக் காரணம் கொள்கை மட்டும் இல்லை அக்கா. பழைய ஜிசிசியில் ஒரு வரியின் கடைசியில் அரைப்புள்ளியை விட்டுவிட்டால் அடுத்த வரியில் பிழை என்று சொல்லும். புதிதாகப் படிக்கும் பிள்ளை அந்த அடுத்த வரியையே அரை மணி நேரம் முறைத்துக்கொண்டிருப்பான். க்ளாங் விட்டுப்போன இடத்துக்கு நேர் கீழே ஒரு சின்ன அம்புக்குறி போட்டு, அரைப்புள்ளியையும் போட்டுக் காட்டும். அந்தப் போட்டி வந்த பிறகுதான் ஜிசிசியின் பிழைச் செய்திகளும் திருந்தின. 2013-இல் அம்புக்குறி வந்தது, அடுத்த ஆண்டு நிறம் வந்தது.

இப்போது தம்பிக்கு நேராக ஒரு வார்த்தை. தம்பி, க்ளாங்கும் கட்டற்ற மென்பொருள்தான். அதன் அப்பாச்சி 2.0 உரிமம் கட்டற்றது என்று நீ மதிக்கிற, ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையே ஏற்றுக்கொண்டிருக்கிறது. வேறுபாடு, எடுத்தவன் திருப்பித் தரவேண்டும் என்ற கட்டாயம் க்ளாங்கில் இல்லை. அதனால் என்விடியா தன் வரைகலைச் சில்லுகளுக்குத் தரும் கூடா கம்பைலர்போல அதன் மேல் மூடிய கருவிகளும் வந்தன. உன் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் க்ளாங்கைப் பயன்படுத்துகிறவன் எதையும் மூடவில்லை. நீ பயப்பட வேண்டியது என் பழைய சாவியைப் போன்ற கருவிகளுக்கு. பயிற்சியில் அப்படி ஒன்றைத் தொடச் சொன்னால் என்ன செய்வாய் என்பதை யோசித்து வை. நான் உன் இடத்தில் இருந்தால் தொட்டுக் கற்றுக்கொண்டு, மாற்று வழி ஒன்றையும் மேலாளருக்கு எழுதிக் காட்டுவேன்.

வேலைச் சந்தையைச் சொன்னால், இன்டெல்லும் ஏஎம்டியும் 1972 முதல் பினாங்கில் இருக்கின்றன. இரண்டும் இன்று தரும் சி++ கம்பைலர்கள் எல்எல்விஎம் மேல் கட்டியவை. மறுபக்கம், தம்பி விளையாடும் ஆர்டுயினோ யூனோ என்ற சின்ன மின்னணுப் பலகைக்கு ஜிசிசிதான். ஒன்று மட்டும் தெரிந்தவனுக்குப் பாதிக் கதவு மூடித்தான் இருக்கும்.

பயிற்சிக்குப் போகும் முன் அவன் தன் கடைசி ஆண்டுத் திட்டத்தை இரண்டு கம்பைலரிலும் எல்லா எச்சரிக்கைகளையும் போட்டு ஓட்டட்டும். ஒன்று சொல்லாமல் விட்ட பிழையை மற்றது சொல்லும். அந்த வித்தியாசங்களை ஒரு பக்கம் எழுதி வைத்தால் நேர்முகத்தில் கொள்கைப் பிரசங்கத்தைவிட அது அதிகம் பேசும்.

ஒப்பந்தத்தில் ஒரு இடத்தை மட்டும் நீங்களும் அவனும் சேர்ந்து படியுங்கள். அங்கே இருக்கும் காலத்தில் அவன் எழுதும் நிரல் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம் என்று இருக்கக்கூடும். இரவில் வீட்டில் உட்கார்ந்து ஜிசிசிக்குத் திருத்தம் அனுப்ப ஆசைப்படுகிறவனுக்கு அந்த வாசகம்தான் உண்மையான தடை. கையெழுத்துக்கு முன் மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் அனுமதி கேட்கட்டும், பதிலும் எழுத்தில் வரட்டும். தயங்காமல் கேட்கலாம், இது வழக்கமான கேள்விதான்.

பி.டி.பி.டி.என். கல்விக் கடனை நினைத்துத் தூக்கம் வரவில்லை என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். அதை அவனிடமும் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லுங்கள், ஆனால் கம்பைலர் பேச்சோடு கலக்காமல், வேறொரு நாள் சொல்லுங்கள்.

கம்பெனிக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் போக வேண்டும் என்றீர்கள். அதற்கு முன் ஒருநாள் மாலை தம்பியை மடிக்கணினியோடு அனுப்பிவையுங்கள். அந்தச் செத்த சாவி இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது, எடுத்து வைக்கிறேன்.