கதை கேட்கிற வேலை

அன்புள்ள மேடம்,

எம்.எஸ்ஸி. சைக்காலஜி கடைசி வருடம் படிக்கிறேன். ஹாஸ்டலில் யாருக்கு என்ன பிரச்சினை என்றாலும் என்னிடம்தான் வந்து கொட்டுவார்கள். அதனாலேயே தெரபிஸ்ட் ஆக ஆசை. அப்பாவோ, "காசு வாங்கிக்கிட்டு கதை கேக்குறதெல்லாம் ஒரு வேலையா?" என்கிறார். நாள் முழுக்க அடுத்தவர் துக்கத்தைக் கேட்டால் நமக்கே ஏதாவது ஆகிவிடுமோ என்று அம்மாவுக்குப் பயம். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

அம்மாவின் பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். சோர்வு உண்டுதான். அதற்காகவே நாங்களும் மூத்தவர் ஒருவரிடம் போய், ஆள் யாரென்று சொல்லாமல், கேஸைப் பேசுவோம். சூப்பர்விஷன் என்பார்கள். அது இருந்தால் தாங்கலாம்.

என்னை அதிகம் படுத்துவது வாயைக் கட்டுவது. "நீங்க சொன்னா கேப்பான் மேடம், நாலு வார்த்தை புத்தி சொல்லுங்க" என்று பிள்ளையைக் கூட்டிவரும் அம்மாக்கள் நம் ஊரில் நிறைய. பையனிடம் பெயர் கேட்டால் அம்மா சொல்வார். தூக்கம் வருகிறதா என்றால் அதற்கும் அம்மாவே. அவரை நயமாக வெளியே உட்காரவைக்கத் தனித் திறமை வேண்டும். கதவைச் சாத்தியதும் பையன் வாயே திறக்க மாட்டான். எனக்குள் பத்து அறிவுரை வரிசை கட்டி நிற்கும். ஒன்றைச் சொன்னாலும் போச்சு, நானும் அவனுக்கு இன்னொரு பெரியம்மா. பொறுத்திருந்தால், அவனுக்கென்று ஒதுக்கிய 50 நிமிடம் முடிகிற நேரத்தில், எழுந்துகொண்டே "அப்புறம் ஒண்ணு..." என்பான். வந்த விஷயமே அதுதான். உயிருக்கு ஆபத்தானது என்றால் அடுத்து வரவேண்டியவர் வெளியே காத்திருக்க வேண்டியதுதான். இல்லையென்றால், "அடுத்த வாரம் இதிலிருந்தே ஆரம்பிப்போம்" என்று அனுப்பவேண்டும். ஈவிரக்கமில்லாதவள் என்று நினைத்துக்கொள்வான், வேறு வழியில்லை.

தோழிகள் உங்களிடம் கொட்டுவது நல்லதுதான், ஆனால் தோழிக்கு உள்ள சுதந்திரம் இதில் இல்லை. தோழி கட்சி சேரலாம், தன் கதையையும் சொல்லலாம், என்ன ஆச்சு என்று போன் போட்டுக் கேட்கலாம். எங்களிடம் வருகிறவர்கள் திடீரென்று நின்றுவிடுவார்கள். குணமாகியா, பிடிக்காமலா, பஸ்ஸுக்குக் காசில்லாமலா, தெரியாது. கல்யாண வீட்டில் எதிரே வந்தால், அவர்களாகச் சிரிக்கும்வரை எனக்கு அவர்களைத் தெரியாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் ரகசியத்தைச் சிகிச்சை பெறுபவரின் உரிமை ஆக்கியிருக்கிறது. உயிராபத்து போன்ற சில விலக்குகள் உண்டு. வயது வந்த மகளுக்கு அப்பாதான் ஃபீஸ் கட்டுகிறார் என்பது அதில் சேராது.

உங்கள் அப்பா காசைப் பற்றிக் கவலைப்பட்டால் அது நியாயமானது. வெறும் எம்.எஸ்ஸி.யோடு 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போர்டு மாட்ட முடியாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து, அங்கே பதிவும் செய்யவேண்டும். (மருந்து எழுதுவது அப்போதும் சைக்கியாட்ரிஸ்ட்தான், உறவினர்களுக்கு இப்போதே சொல்லிவையுங்கள்.) அதுவரை வீட்டுக் காசுதான். அந்தப் படிப்பில் சேருமுன், அந்தக் கல்லூரியில் படிப்பவர்களிடம் ஒன்று விசாரியுங்கள்: வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒரு சீனியர் உட்கார்ந்து அவர்களுடைய கேஸைக் கேட்கிறார்? மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.