மாமாவின் சைட்டுக்கு உங்கள் கார்டு ஏன் பசை வாங்குகிறது?

கேள்வி: எனக்கு வயது 29. கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். பகலில் சைட் சூப்பர்வைசர் வேலை, மாலையிலும் வார இறுதியிலும் கியூ.எஸ். (கட்டுமான அளவு, செலவுக் கணிப்பு) பட்டப்படிப்பு. பிடித்தம் போகக் கைக்கு 3,440 வெள்ளி (ரிங்கிட்) வருகிறது. இன்னும் நான்கு செமஸ்டர் பாக்கி, ஒவ்வொன்றுக்கும் 4,800. என் தாய்மாமா டைல் சப்-கான் (துணை ஒப்பந்த) வேலை எடுத்துச் செய்கிறார். கிளேம் பணம், அதாவது முடித்த வேலைக்குக் கேட்ட பணம், வரத் தாமதமாகும்போதெல்லாம் என் கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்துக் கொடுப்பேன், பணம் வந்ததும் திருப்பித் தருவார். கொஞ்ச நாளாக முழுதாகத் திரும்பவில்லை. இரண்டு கார்டிலும் சேர்த்து இப்போது 11,600 நிற்கிறது. தனக்கு 14,000 வரவேண்டியிருக்கிறது என்கிறார். ஒரு செமஸ்டரை ஒத்திப் போட்டுக் கடனை அடைக்கவா? சேமநிதியில் எடுக்கவா? டிப்ளோமா காலத்து பி.டி.பி.டி.என். கல்விக் கடனை முதலில் முடிக்கவா? மாமா ஒரு கூட்டில் (ஏலச் சீட்டு) சேரச் சொல்கிறார். நண்பர் ஒருவர் முதலீட்டுக் காப்புறுதியும் செயலி வழித் தங்கச் சேமிப்பும் எடுக்கச் சொல்கிறார்.

பதில்: கார்டுக் கடன் எவ்வளவு வட்டி தின்னும் என்று பி.கியூ. (வேலை அளவு, விலைப் பட்டியல்) தயாரிக்கப் படிக்கிற உங்களுக்கு நான் வகுப்பெடுக்கத் தேவையில்லை. படிப்புக் கட்டணமோ பி.டி.பி.டி.என். கடனோ உங்களை நெருக்கவில்லை. மாமாவின் சைட்டுக்குக் கார்டில் ரொக்கம் எடுக்கும் பழக்கம்தான் நெருக்குகிறது. அது நிற்காமல் மேலே நீங்கள் கேட்ட எதைச் செய்தாலும் ஓட்டைத் தொட்டியில் தண்ணீர் பிடிப்பதுதான்.

4,000 வெள்ளியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, கட்டி, மறுபடி எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் ரொக்க முன்பணக் கட்டணம் 5 விழுக்காடு, அதாவது 200. வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு, பணம் எடுத்த நாளிலிருந்தே ஓடும். பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லா நாட்கள் இதற்குக் கிடையாது. மூன்று மாதத்துக்கு 180. ஆக ஒரு சுற்றுக்கு 380, ஆண்டுக்கு 1,520. 4,000 வெள்ளிக்கு இது 38 விழுக்காடு. பி.டி.பி.டி.என். உங்களிடம் வாங்குவது 1 விழுக்காடு. அதை முந்திக்கொண்டு அடைக்க ஒரு காரணமும் இல்லை. மாதத் தவணையை மட்டும் தவறவிடாதீர்கள், சி.சி.ஆர்.ஐ.எஸ். கடன் வரலாற்று அறிக்கையில் கறை விழும்.

இப்போது மாமாவின் வேலையைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய விவரப்படி 1,200 சதுர மீட்டர், மீட்டருக்கு 45 வெள்ளி, மொத்தம் 54,000, ஆறு மாத வேலை. டைலை மெயின் கான் (முதன்மை ஒப்பந்த நிறுவனம்) தருகிறது. பசை, கிரவுட், கூலி மாமாவுடையது. கூலி 26, பசையும் கிரவுட்டும் சேதாரத்தோடு 11, வண்டியும் கருவியும் 3. மிச்சம் 5 வெள்ளி லாபம். இந்தக் கணக்கில் பணத்துக்கான செலவு என்று ஒரு வரியே இல்லை. ஆறு மாதத்தில் உங்கள் கார்டு இரண்டு சுற்று போனால் 760 வெள்ளி, மீட்டருக்கு 63 சென். அவருடைய விலையில் சேர்ந்திருக்க வேண்டிய அந்த 63 சென்னை உங்கள் சம்பளம் கட்டிக்கொண்டிருக்கிறது.

பசைக் கணக்கு ஏன் உதைக்கிறது என்பதையும் அவரோடு உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். 25 கிலோ மூட்டை 3 மில்லிமீட்டர் கனத்தில் பூசினால் ஐந்தரைச் சதுர மீட்டர் வரை வரும். 1,200 சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 220 மூட்டை. தரைச் சாந்து மட்டம் சரியில்லாமல் மேடுபள்ளமாக இருந்து, அதைப் பசையாலேயே நிரவி 6 மில்லிமீட்டர் ஆக்கினால் 440 மூட்டை. அந்தத் தரையைப் போட்டவர் வேறொருவர், நிரவும் செலவு மட்டும் மாமா தலையில். டைல் ஒட்டுவதற்கு முன்பே நேர்கோல் வைத்துப் படம் எடுத்து, எழுத்தில் அறிவித்தால்தான் அதைக் கேட்க முடியும். ஒட்டி முடித்தபின் சண்டை போட்டால் யாரும் அளக்க வரமாட்டார்கள்.

அடுத்து, அந்த 14,000. நீங்கள் எழுதியபடி அதில் 2,000 மட்டும்தான் சான்றளிக்கப்பட்ட தொகை. 5,100 கிளேம் கொடுத்து இன்னும் சரிபார்ப்பில் கிடக்கிறது. 4,200 கூடுதல் ஸ்கர்ட்டிங் (சுவரடி டைல்) வேலை, சூப்பர்வைசர் வாயால் சொன்னது, தாளில் இல்லை. 2,700 ரிடென்ஷன், குறை இருந்தால் சரிசெய்யவென்று மெயின் கான் பிடித்து வைத்திருக்கும் பணம். நீங்கள் வேலை செய்யும் நிறுவனத்தில் இப்படி ஒரு பட்டியல் வந்தால் எவ்வளவை வரவு என்று எழுதுவீர்கள்? நான் 2,000 எழுதுவேன், 5,100-இல் பாதியைப் பென்சிலில் குறிப்பேன், மற்றதைத் தொடமாட்டேன். ரிடென்ஷனில் பாதி மாமா வேலையை முடித்ததும் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். சப்-கான்களுக்குப் பெரும்பாலும் மொத்தக் கட்டடத்துக்கும் நிறைவுச் சான்றிதழ் கிடைத்த பிறகுதான் அந்த 1,350 வரும். மறுபாதி குறைதீர்ப்புக் காலம் முடிந்து. அது 12 மாதமோ 24 மாதமோ, ஒப்பந்தத்தைப் பொறுத்தது. டைல் கடைசிக் கட்ட வேலை என்பதால் மற்றவர்களை விட அவர் காத்திருப்பு கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

‘டெவலப்பர் கொடுத்தால்தான் நாங்கள் கொடுப்போம்’ என்று மெயின் கான் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் உள்ள கட்டுமானத் தொழில் பணக்கொடுப்பு, தீர்ப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு அந்த நிபந்தனையைச் செல்லாது என்கிறது. முறைப்படி கோரிக்கை கொடுத்தால் எதிர்த்தரப்பு 10 வேலை நாளுக்குள் பதில் தரவேண்டும். ஆனால் அந்தச் சட்டம் எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்குத்தான். மாமாவிடம் இருப்பது விலை எழுதிய ஒரு தாளும் கைகுலுக்கலும். தீர்ப்புக்குப் போனாலும் இந்தத் தொகைக்கு அதன் கட்டணமே பெரும்பங்கை விழுங்கிவிடும். அடுத்த வேலையிலாவது நியமனக் கடிதம் வாங்காமல் ஒரு டைல்கூட ஒட்டவேண்டாம் என்று சொல்லுங்கள்.

அம்மாவின் தம்பியிடம் எப்படி இல்லை என்பது என்று கேட்கிறீர்கள். பணத்தை இல்லை என்று சொல்லிவிட்டு, கைவேலையைக் கொடுங்கள். மாதக் கிளேமை நீங்களே அளந்து எழுதிக் கொடுங்கள். கூடுதல் வேலைக்கு அன்றன்றைக்கே சைட் உத்தரவில் கையெழுத்து வாங்கப் பழக்குங்கள். பசையை மெயின் கானே வாங்கித் தந்து கிளேமில் கழித்துக்கொள்ளட்டும், அல்லது கூலி மட்டும் என்று விலை பேசி இரு வாரத்துக்கு ஒருமுறை பணம் கேட்கட்டும். இந்த ஏற்பாடு சைட்டுகளில் புதிதல்ல. மீட்டருக்கு 11 வெள்ளி அவர் கையிலிருந்து போகாவிட்டால் உங்கள் கார்டுக்கு வேலையே இல்லை.

உங்கள் பக்கக் கணக்கு. அறை 550, மோட்டார் சைக்கிள் 350, சாப்பாடும் தொலைபேசியும் 680, வீட்டுக்கு 300, பி.டி.பி.டி.என். 120, படிப்புக் கட்டணத்துக்கு மாதம் 800. மொத்தம் 2,800, மிச்சம் 640. கார்டின் குறைந்தபட்சத் தொகை இன்று 580. கடன் குறையக் குறைய அந்தத் தொகையும் குறையும், நீங்கள் குறைக்காதீர்கள். புதிதாக ஒரு சென்னும் எடுக்காமல் 580-ஐயே பிடிவாதமாகக் கட்டினால் 24 மாதம், வட்டி 2,320 போல.

சேமநிதியின் செஜாத்ரா கணக்கில் கல்விக்கு எடுக்கலாம். ஒரே ஒரு செமஸ்டருக்கு மட்டும் எடுங்கள் என்பேன். ஆறு மாதம் அந்த 800-ம் கார்டுக்குப் போகும், மாதம் 1,380. அப்புறம் பழைய 580. கடன் 14 மாதத்தில் முடிகிறது, வட்டி ஆயிரத்துச் சொச்சம். சேமநிதி 2024-க்கு 6.3 விழுக்காடு கொடுத்தது, அதை இழக்கிறீர்கள்தான். 18 விழுக்காட்டுக்கு எதிரே அது தாங்கும். ஆனால் முதலில் இரண்டு கார்டிலும் ரொக்கம் எடுக்கும் வசதியை வங்கியில் சொல்லி அடைத்துவிட்டுத்தான் இந்த விண்ணப்பம். அடைக்காமல் எடுத்தால் ஓய்வுக்காலப் பணமும் டைல் பசையாகிவிடும். தவணை கைமீறினால் ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை அமைப்புக்குப் போங்கள், ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. ‘ஃபிளாட் 7’ (தொடக்கக் கடன் முழுவதற்கும் கடைசி வரை 7 விழுக்காடு) என்று தனிநபர் கடன் விற்பவரிடம் போகாதீர்கள், மூன்றாண்டுத் தவணையில் அது உண்மையில் 13-ஐத் தொடும்.

கூட்டா? அதைத் தொழிலாக நடத்துவதை 1971-லேயே தடை செய்துவிட்டார்கள். சட்டத்தின் பெயரிலேயே நம் ‘கூட்டு’ இருக்கிறது, என்ன பெருமையோ! முதல் ஏலத்தை மாமா எடுத்துவிட்டால் மிச்சத் தவணை யார் கட்டுவது என்பது உங்களுக்கே தெரியும். முதலீட்டுக் காப்புறுதியின் தொடக்க ஆண்டுப் பிரீமியத்தில் ஒரு பங்கு முகவருக்குப் போகிறது. செயலித் தங்கத்தில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி உண்டு. கார்டில் 18 ஓடும்போது இரண்டையும் பற்றிப் பேச எனக்குப் பொறுமையில்லை.

செமஸ்டரை ஒத்திப் போடாதீர்கள். அடுத்த பதிவுக்குப் பணம் கட்டும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: உங்கள் பட்டம் எம்.கியூ.ஏ. (கல்வித் தகுதி முகமை) தகுதி பெற்றிருப்பது வேறு, குவாண்டிட்டி சர்வேயர்ஸ் வாரியம் அதை ஏற்றிருப்பது வேறு. கியூ.எஸ். என்று பதிவு செய்துகொள்ள 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாரியம்தான் கதவு. படிப்பின் பெயரில் சைட் மேலாண்மையும் சேர்ந்திருக்கிறது என்கிறீர்கள், ஆகவே வாரியப் பட்டியலில் அதே பெயரும் நீங்கள் சேர்ந்த ஆண்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாமாவிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: அந்த 2,000 வந்ததும் நேராக உங்கள் கார்டுக் கணக்குக்கு. ரிடென்ஷனின் முதல் பாதி 1,350-ம் அப்படியே. இரண்டாம் பாதி எப்போது வரும் என்று மெயின் கானிடம் கேட்டு, தேதியை அதே தாளின் அடியில் குறித்துக்கொள்ளுங்கள்.