எஞ்சின் புதுசு, வேகம் மட்டும் பழசைவிடக் குறைவு!

கேள்வி: என் 16 அடி ஃபைபர் படகில் இருந்த 40 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டுவது) சீஸ் ஆகி இறுகிவிட்டது. அதே கம்பெனியின் 40 குதிரைத்திறன் எஞ்சினையே, ஃபோர் ஸ்ட்ரோக்கில், அதிகம் ஓடாத ஒன்றாகப் பார்த்து வாங்கி மாட்டினேன். ஐடிலிங் அருமை, சத்தமே இல்லை. ஆனால் லீவரை முழுசாகத் தள்ளினாலும் 4,600 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்று) தாண்டவில்லை. நாலு பேர் ஏறினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு உழுகிறதே தவிர நீர்மேல் எழவில்லை. பத்து நிமிடம் இழுத்து ஓட்டினால் திக்கித் திணறுகிறது, கொஞ்சம் குறைத்து ஓட்டினால் தானாகச் சரியாகிறது. மெக்கானிக் இரண்டு முறை கார்புரேட்டரைக் கழுவிவிட்டார். எஞ்சின் வாங்கியதில் ஏமாந்துவிட்டேனா?

பதில்: இருக்கலாம், ஆனால் அதை முடிவு செய்ய இன்னும் நாள் இருக்கிறது. கடிதத்தில் என்னென்ன மாற்றினீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், மாற்றாதது எதையும் எழுதவில்லை. பழைய புரொப்பல்லர், பழைய டேங்க், பழைய பெட்ரோல் ஹோஸ், பழைய த்ராட்டில் கேபிள் எல்லாம் அப்படியே இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். சந்தேகத்தை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

முதலில் காசு செலவில்லாத வேலை. எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, மேல் மூடியைக் கழற்றுங்கள். ஒருவர் லீவரை முழுசாக முன்னால் தள்ளட்டும் (கியர் விழ மறுத்தால் புரொப்பல்லரைக் கையால் கொஞ்சம் திருப்பிவிட வேண்டும்), எஞ்சினில் கேபிள் இழுக்கும் த்ராட்டில் நெம்புகோல் அதன் ஸ்டாப்பரில் போய் முட்டுகிறதா என்று நீங்கள் பாருங்கள். பழைய எஞ்சினுக்கு அளந்து வைத்த கேபிள் புதுசில் அரை விரல்கடை முன்னாலேயே நின்றுவிடுவது சர்வசாதாரணம். லீவர் முழுசாகத் தள்ளியிருக்கும், எஞ்சினோ முக்கால்தான் திறந்திருக்கும். கேபிள் முனையில் இருக்கும் திருகைச் சுற்றினால் தீர்கிற விஷயத்துக்குக் கார்புரேட்டரைக் கழுவி என்ன பயன்?

அடுத்து அந்தப் பத்து நிமிடத் திணறல். குறைத்தால் சரியாகிறது என்கிறீர்களே, அது பெட்ரோல் பற்றாக்குறையின் அச்சு அசலான அடையாளம். குறைந்த வேகத்தில் தேவை குறைவு, ஹோஸ் எப்படியோ கொடுத்துவிடுகிறது. முழு வேகத்தில் முடியவில்லை. ஹோஸில் இருக்கும் ரப்பர் பல்பைத்தான் (கையால் அமுக்கிப் பெட்ரோல் ஏற்றும் உருண்டை) இதற்குக் கேட்க வேண்டும். இன்னொருவரை ஓட்டச் சொல்லுங்கள், திணற ஆரம்பித்ததும் பல்பைப் பிடித்துப் பாருங்கள். உறிஞ்சித் தட்டையாகியிருந்தால் அடைப்பு டேங்க் பக்கம்: மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள் (சிரிக்காதீர்கள், அனுபவசாலிகளே மறக்கிற இடம் இது), பிறகு டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயின் வலை. தட்டையாகாமல், நீங்கள் அமுக்கியதும் எஞ்சின் உடனே வேகம் எடுத்தால், எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது எஞ்சினின் பெட்ரோல் பம்ப் சோர்ந்திருக்கிறது. ஹோஸ் வெளியே பளபளப்பாக இருப்பதை நம்பாதீர்கள், எத்தனால் கலந்த பெட்ரோலில் வருடக்கணக்காக ஊறிய பழைய ஹோஸின் உள்பக்கத் தோல் உரிந்து ஒரு நாக்கு போல வழியை மறித்து நிற்கும். சந்தேகமே வேண்டாம் என்றால் புது ஹோஸோடு ஒரு சின்ன டேங்கைக் கடன் வாங்கி மாட்டி ஓட்டுங்கள். திணறல் போய்விட்டால் எஞ்சின் நிரபராதி.

இப்போது புரொப்பல்லர். இரண்டும் 40 குதிரைத்திறன், ஒரே கம்பெனி, பழைய புரொப்பல்லர் அப்படியே உட்கார்ந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் கியர் விகிதம் ஒன்றா? பழையதில் 2.33, புதியதில் 2.00 என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் 5,000 சுற்றும்போது பழையதில் புரொப்பல்லர் சுமார் 2,150 தடவைதான் சுற்றும், புதியதில் 2,500 சுற்றியாக வேண்டும். அதே புரொப்பல்லர் இப்போது கூடுதல் பாரம், சைக்கிளில் பெரிய கியர் போட்டு மேடு ஏறுவது மாதிரி. இரண்டு எஞ்சினின் கையேட்டிலும் விகிதம் போட்டிருக்கும், பாருங்கள். பிட்சை (புரொப்பல்லர் ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய கணக்குத் தூரம்) ஓர் அங்குலம் குறைத்தால் தோராயமாக 150 முதல் 200 ஆர்பிஎம் ஏறும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. உங்கள் கையேடு முழு த்ராட்டிலில் 5,000 முதல் 6,000 வரை என்று சொன்னால், வழக்கமான சுமையோடு 5,600 பக்கம் வர வேண்டும், உங்களுக்கு 1,000 குறைகிறது. அதை முழுக்கப் புரொப்பல்லர் தலையில் கட்டினால் பிட்ச் ஐந்தாறு அங்குலம் தப்பு என்று ஆகும், அவ்வளவு தப்பாக யாரும் மாட்டமாட்டார்கள். மேலே சொன்ன கியர் வித்தியாசமே இரண்டு அங்குலத்துக்குத்தான் கணக்காகும். ஆகவே உங்கள் படகில் குற்றவாளி ஒருவர் அல்ல என்பது என் ஊகம். கேபிளையும் பெட்ரோலையும் சரி செய்த பிறகு ஆர்பிஎம் எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிட்டு புரொப்பல்லர் வாங்குங்கள், முன்னாடியே வாங்கினால் இரண்டாவதும் வாங்க நேரிடும்.

இத்தனையும் பார்த்தும் தேறவில்லை என்றால் கம்ப்ரஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளப்பது. சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 10 சதவீதத்துக்கு மேல் போனால், அப்போது விற்றவரிடம் போய்ச் சண்டை போடலாம்.

கேள்வி: எனக்கு நேர் எதிர். மாற்றிய எஞ்சின் 6,000க்கு மேல் அலறுகிறது, படகு நகர மாட்டேன் என்கிறது.

பதில்: புரொப்பல்லர் நீரைப் பிடிக்கவில்லை. திரும்பும்போது மட்டும் அலறினால் எஞ்சின் உயரமாக உட்கார்ந்திருக்கிறது, புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு படகின் அடிமட்டத்துக்கு ஏறக்குறைய நேராக இருக்க வேண்டும். நேராக ஓடும்போதும் அலறினால் புரொப்பல்லரின் உள் ரப்பர் வழுக்குகிறதோ என்று பாருங்கள்: பின்பக்கம் நடு உலோகக் குழலில் தொடங்கி ரப்பரைத் தாண்டி வெளி வளையம் வரை பெயிண்டால் ஒரே கோடு போட்டு, காய்ந்ததும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் ரப்பர் போய்விட்டது.

கேள்வி: உள்ளே பொருத்திய டீசல் எஞ்சின், போன மாதம் மாற்றியது. கறுப்புப் புகை.

பதில்: எஞ்சின் அறைக் கதவைத் திறந்து வைத்து ஒருமுறை முழு வேகத்தில் ஓட்டுங்கள், பெல்ட் பக்கம் யாரும் நிற்க வேண்டாம். புகை குறைந்து ஆர்பிஎம் ஏறினால் அறைக்குள் காற்று போதவில்லை, துவாரத்தைப் பெரிதாக்குங்கள். மாற்றமே இல்லை என்றால் மேலே சொன்ன புரொப்பல்லர் கதைதான் உங்களுக்கும்.