தாத்தாவின் பதக்கங்களில் அம்மாவுக்குப் பங்கு உண்டா?

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதி, படங்களும் அனுப்பியிருக்கிறார். சுருக்கம் இது:

"என் அம்மாவின் அப்பா 1942-இல் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா சண்டைக்குப் போனவர். 1994-இல் இறந்தார், உயில் இல்லை. பாட்டி அவருக்கு முன்பே போய்விட்டார். அவர்களுக்கு அம்மாவும் மாமாவும்தான் பிள்ளைகள். மாமாவும் இப்போது இல்லை. பழைய வீட்டை இடிக்கும்போது பரணில் தாத்தாவின் இரும்புப் பெட்டி கிடைத்தது. ஐந்து பதக்கங்களையும் மாமா மகன் எடுத்துக்கொண்டார். பூனை போட்ட துணி பேட்ச், யானை போட்ட பித்தளை பேட்ஜ், இரண்டு தோட்டா இருந்த தகர டப்பாவை 'ஞாபகத்துக்கு வச்சுக்கோங்க' என்று எங்களிடம் கொடுத்தார். இப்போது லண்டனில் ஒருவர் ஆன்லைனில் விலை பேசியிருக்கிறாராம். அம்மா கேட்டதற்கு, 'உனக்கு 1978-லேயே கல்யாணம் ஆகிவிட்டது, உனக்கு இதில் பங்கு இல்லை' என்கிறார். இவை என்ன பதக்கங்கள்? அவர் விற்க முடியுமா? என் மகன் குடியரசு தினத்தன்று பள்ளிக்கு அவற்றை அணிந்து போக ஆசைப்படுகிறான், அது குற்றமா?"

நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு தோட்டாக்களும் உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. எத்தனை ஆண்டு பழையதாக இருந்தாலும் வெடிக்காத தோட்டா ஆயுதச் சட்டம் 1959-இன் கட்டுப்பாட்டுக்குள்தான் வரும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். அறிந்தே வைத்திருந்தாரா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். பெட்டிக்குள் இருந்தது தெரியாதவரை உங்கள் மீது தவறில்லை. இப்போது தெரிந்துவிட்டது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, தாத்தாவின் பெட்டியில் கிடைத்த விவரத்தை எழுதிக் கொடுத்து, அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்.

இனி பதக்கங்களுக்கு வருவோம். இவை என்னென்ன என்று தெரிந்துகொள்வது வெறும் ஆர்வத்துக்காக அல்ல. யாருக்குப் பங்கு, வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் அந்த உலோகத்தின் மேல்தான் எழுதியிருக்கிறது.

ஆறு முனை நட்சத்திரங்கள் இரண்டும் பார்வைக்கு ஒரே அச்சு. நடுவில் ஆறாம் ஜார்ஜின் முத்திரை, அதைச் சுற்றி எழுத்து. ஒன்றில் 1939-45 ஸ்டார் என்றும் மற்றதில் பர்மா ஸ்டார் என்றும் உள்ளது. 1941 டிசம்பர் 11-க்கும் 1945 செப்டம்பர் 2-க்கும் இடையில் பர்மா போர்முனையில் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்தது பர்மா ஸ்டார். வட்டமான ஒன்றில் சிங்கம் இரட்டைத் தலை டிராகன் மேல் நிற்கிறது பாருங்கள், அது 1939-45 வார் மெடல். காவி, வெள்ளை, பச்சை ரிப்பன் தொங்குவது 1947-இன் இந்திய சுதந்திரப் பதக்கம். அது இருப்பதால், சுதந்திரம் வந்தபோதும் அவர் படையில் இருந்தார் என்று கொள்ளலாம். பித்தளை யானை மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் சின்னம். 1803 அஸ்ஸாயே போரின் நினைவாக வந்தது. கருப்புப் பூனை பர்மாவில் போரிட்ட 17-ஆவது இந்திய டிவிஷனின் தோள் அடையாளம். தாத்தா சொன்ன கதையும் இவையும் பொருந்திப் போகின்றன.

ஐந்தாவதுதான் பொருந்தவில்லை. வெள்ளியாலானது, ஒரு பக்கம் குதிரை மேல் ஒரு வீரன், ஓரத்தில் 1914, 1918 என்ற எண்கள், மறுபக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை. அது முதல் உலகப்போருக்கான பிரிட்டிஷ் வார் மெடல். 1942-இல் சேர்ந்த உங்கள் தாத்தா அதைப் பெற்றிருக்கவே முடியாது.

நீங்கள் அனுப்பிய கடைசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதக்கத்தின் விளிம்பில், நாணயத்தில் கோடு வெட்டியிருக்கும் அந்த மெல்லிய இடத்தில், ஒரு எண், பதவி, ஒரு பெயர், அதன் பின் '2 கியூ.வி.ஓ. எஸ். & எம்.' என்று பொறித்திருக்கிறது. அது விக்டோரியா ராணியின் பெயர் தாங்கிய 2-ஆவது சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், அதாவது ராணுவத்தின் பொறியாளர் படை, இன்று நாம் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று சொல்லும் படைப்பிரிவு. பெயரில் பாதிதான் படிக்க முடிகிறது, ஆனால் அது உங்கள் தாத்தாவின் பெயர் இல்லை. 'தாத்தாவின் அப்பா பாஸ்ரா போனவர் என்று பாட்டி சொல்வார்' என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்களே, முதல் உலகப்போரில் இந்தியப் படைகள் போன ஈராக் ஊர் அது, ஆகவே பதக்கம் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து மறுபடி படம் எடுங்கள், முழுப் பெயரும் தெரியும். தயவுசெய்து புளி போட்டோ பித்தளை பாலிஷ் போட்டோ தேய்க்க யாரையும் விடாதீர்கள். உங்கள் வழக்கின் மிக முக்கியமான சாட்சி அந்த ஒரு வரி எழுத்துதான். முதல் உலகப்போர் பதக்கத்தில் வாங்கியவரின் பெயரைப் பொறிப்பது வழக்கம்.

ஆக, பெட்டியில் இருப்பது ஒருவருடைய சொத்து அல்ல, இருவருடையது. சட்டமும் இரண்டாகப் பிரிகிறது.

தாத்தாவின் நான்கு பதக்கங்களும் அவர் உழைத்துப் பெற்ற தனிச் சொத்து. உயில் இல்லாமல் இறந்ததால் இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன் 8-ஆவது பிரிவுப்படி மகனுக்கும் மகளுக்கும் சமமாகப் போகிறது. அம்மாவுக்குப் பாதி, மாமாவின் பாதி அவருடைய வாரிசுகளுக்கு. மகளுக்கு எப்போது கல்யாணம் ஆனது என்ற கேள்வியே இந்தப் பிரிவில் இல்லை. மாமா மகன் சொல்வது தமிழ்நாட்டில் 1989-இல் வந்த திருத்தம். அந்தத் தேதிக்கு முன் திருமணமான மகள்களுக்குக் கூட்டுக்குடும்பப் பூர்விகச் சொத்தில் பிறப்புரிமை இல்லை என்று அது சொன்னது. அப்பா தானே சம்பாதித்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த ஒரு தவறான புரிதலை வைத்துக்கொண்டு எத்தனை பெண்களை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

வெள்ளிப் பதக்கம் கொள்ளுத்தாத்தாவுடையது என்றால் அதைப் பூர்விகச் சொத்து என்று அவர் வாதிடலாம். வாதிடட்டும். 2005-இன் மத்தியத் திருத்தம் மகள்களுக்கும் மகன்களைப் போலவே பிறப்புரிமை கொடுத்துவிட்டது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்றும் தெளிவாக்கிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையான பாகப்பிரிவினை நடந்திருந்தால் மட்டுமே நிலைமை மாறும். பரணில் கிடந்த பெட்டியை யாரும் பாகம் பிரித்திருக்க மாட்டார்கள். எப்படிப் பார்த்தாலும் அம்மாவுக்குப் பங்கு இருக்கிறது.

இத்தனை வருடம் மாமா வீட்டிலேயே இருந்தது என்பதால் மட்டும் உரிமை போய்விடாது. ஆனால் 'உனக்குப் பங்கு இல்லை' என்று வாயால் சொல்லிவிட்டார் அல்லவா, அந்த நாளிலிருந்து வழக்குப் போடுவதற்கான காலவரம்பு ஓடத் தொடங்கியதாகவே எடுத்துக்கொண்டு செயல்படுங்கள்.

அதைவிட அவசரமான காரணம் ஒன்று உண்டு. சரக்கு விற்பனைச் சட்டம் 1930-இன் 27-ஆவது பிரிவுப்படி, தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் விற்க முடியாது. ஆனால் அடுத்த 28-ஆவது பிரிவு ஒரு விலக்கு வைத்திருக்கிறது. கூட்டு உரிமையாளர்களில் ஒருவர், மற்றவர்களின் சம்மதத்தோடு பொருளைத் தனியே வைத்திருந்து, அதை விவகாரம் தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்குகிறவருக்கு விற்றுவிட்டால், வாங்கியவருக்கு முழு உரிமையும் போய்விடும். இன்றைய தேதியில், 'அத்தைதான் என்னிடமே இருக்கட்டும் என்று விட்டார்' என்று மாமா மகன் சொன்னால் மறுக்க உங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அதனால் இந்த வாரமே அம்மாவின் பெயரில் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ் போக வேண்டும். ஐந்து பதக்கங்களையும் ஒவ்வொன்றாக விவரித்து, தனக்குப் பாதி உரிமை உண்டு, விற்கத் தன் சம்மதம் இல்லை, அவர் வசம் தனியாக இருப்பதற்கும் இனி சம்மதம் இல்லை என்று இருக்கட்டும். அதன் நகலை லண்டன்காரருக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். விவகாரம் தெரிந்த பிறகு வாங்குகிறவர் நல்லெண்ணத்தோடு வாங்கினேன் என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகும் பேரம் நடந்தால் பாகப்பிரிவினை வழக்கோடு இடைக்காலத் தடையும் கேட்கலாம்.

லண்டனுக்கு அனுப்புவதில் மாமா மகனுக்கே பெரிய ஆபத்து இருக்கிறது, அவருக்குத் தெரிந்திருக்காது. தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1972-இன்படி, வரலாற்று முக்கியத்துவம் உள்ள பொருள் 100 ஆண்டுகளைக் கடந்தால் தொல்பொருளாகக் கருத இடமுண்டு. பர்மா ஸ்டாருக்கும் மற்ற மூன்றுக்கும் இன்னும் அந்த வயது ஆகவில்லை. முதல் உலகப்போர் முடிந்ததும் அச்சடித்த வெள்ளிப் பதக்கத்துக்கு ஆகியிருக்கும். மத்திய அரசும் அது அதிகாரம் கொடுத்த அமைப்பும் தவிர வேறு யாரும் தொல்பொருளை ஏற்றுமதி செய்யக் கூடாது. மீறினால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. ஒரு பொருள் தொல்பொருள்தானா என்ற சந்தேகத்தை இந்தியத் தொல்லியல் துறைதான் தீர்க்கும். தொல்பொருள் இல்லையென்றால் அப்படிச் சான்று தருவார்கள். அந்தச் சான்று இல்லாமல் கூரியரில் போடுவது வம்பை விலை கொடுத்து வாங்குவது. இதை மிரட்டலாகச் சொல்லாமல், அத்தை பிள்ளையின் அக்கறையாக நேரில் சொல்லுங்கள். பல குடும்பங்களில் நோட்டீஸ் செய்யாததை இந்த ஒரு தகவல் செய்திருக்கிறது.

பதக்கத்தை விற்பதே குற்றம் என்று யாரோ உங்களிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ராணுவச் சட்டம் 1950-இன் 54-ஆவது பிரிவு, தனக்கு அளித்த பதக்கத்தை விற்கும் அல்லது அடகு வைக்கும் படைவீரரைத்தான் தண்டிக்கிறது. வாரிசுகளை அது கட்டுப்படுத்தாது.

ஆவணங்களைப் பொறுத்தவரை, வீட்டில் தாத்தாவின் டிஸ்சார்ஜ் புக்கோ (படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த புத்தகம்) பென்ஷன் பட்டுவாடா ஆணையோ இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டிலும் படை எண் இருக்கும். அது கிடைத்தால் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி மனுப் போடலாம். ரெஜிமென்ட்டின் மையம் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. தாத்தாவின் இறப்புச் சான்றையும் அம்மா அவர் மகள் என்பதற்கான சான்றையும் இணையுங்கள். பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் கோப்புகளை 25 ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடுவார்கள் என்பதால் முழுக் கோப்பை எதிர்பார்க்க வேண்டாம், 'லாங் ரோல்' என்ற நிரந்தரப் பதிவேட்டில் உள்ள விவரத்தைக் கேளுங்கள். கொள்ளுத்தாத்தாவுக்கு விளிம்பில் உள்ள எண்ணைக் குறிப்பிட்டு பெங்களூரில் உள்ள மெட்ராஸ் சாப்பர்ஸ் மையத்துக்கு எழுதலாம். வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுத உதவுவார்கள்.

உங்கள் மகன் விஷயத்தில் பயமே வேண்டாம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆவது பிரிவு, தன்னைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு ராணுவ உடையோ அடையாளமோ அணிவதைத்தான் குற்றமாக்குகிறது. பள்ளிச் சீருடையில், வலது மார்பில், பூட்டனார் பதக்கம் என்று சொல்லி அணிந்து போகும் பையனுக்கு அந்த நோக்கம் எங்கே இருக்கிறது? முன்னோரின் பதக்கத்தை வலப்பக்கம் அணிவது பல நாடுகளில் உள்ள மரபு. இடப்பக்கம் வாங்கியவருக்கு உரியது. பூனை பேட்சை மட்டும் ராணுவப் பச்சைச் சட்டையில் தைத்து அனுப்பாதீர்கள்.

மாமா மகன் இறங்கி வந்தால் நீதிமன்றமே தேவையில்லை. ஐந்து பதக்கங்களையும் இருபுறமும், விளிம்பும் தெரியப் படம் எடுத்து ஒட்டி, எது யார் வீட்டில் இருக்கும், மற்றவர் சம்மதம் இல்லாமல் விற்கவோ கொடுக்கவோ கூடாது என்று ஒரு குடும்ப ஒப்பந்தம் எழுதி, அம்மாவும் மாமாவின் எல்லா வாரிசுகளும் இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திடுங்கள். அசையும் பொருள் மட்டும் என்பதால் பதிவு கட்டாயமில்லை. அவருக்குப் பணம்தான் தேவை என்றால், அவர் பக்கத்துப் பங்கை அம்மா விலைக்கு வாங்கிக்கொள்வதையும் அதிலேயே எழுதலாம். யார் வீட்டில் இருப்பது என்று முடிவே வராவிட்டால் வெலிங்டனிலும் பெங்களூரிலும் அந்தந்தப் படைப்பிரிவின் அருங்காட்சியகம் இருக்கிறது. எல்லோரும் கையெழுத்திட்ட கடிதத்தோடு நேரில் ஒப்படைத்தால் சட்டப்படி அதுவே முழுமையான தானம். கொடுத்தவர்கள் பெயரில் அம்மாவின் பெயரும் இருக்க வேண்டும் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.