ஜூனில் புது ஆள் வருகிறார். ஈமெயிலும் கணினியும் எப்போது தயார்?

கேள்வி: வட ஆர்க்காடு பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். கணினிப் பிரிவையும் கூடுதல் பொறுப்பாக என் தலையில் கட்டிவிட்டார்கள். ஜூனில் உதவிப் பேராசிரியர், அலுவலக உதவியாளர், ஒப்பந்தப் பணியாளர் என்று ஒரு கூட்டமே சேரப்போகிறது. ஒவ்வொரு முறையும் புதிதாக வருகிறவருக்கு ஈமெயில் கிடைக்கவே இரண்டு மூன்று வாரம் ஆகிவிடுகிறது. அதுவரை முன்பிருந்தவருடைய பாஸ்வேர்டை வைத்து ஓட்டுகிறார்கள். கூகுள் ஒர்க்ஸ்பேஸ் (கூகுளின் அலுவலக மெயில் சேவை) இருக்கிறது, இரண்டு டெக்னீஷியன்கள் இருக்கிறார்கள். தனியாக சாஃப்ட்வேர் வாங்கப் பணம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது, சார்?

பதில்: நியமன ஆணையின் அடியிலிருந்து தொடங்குங்கள். கையெழுத்துக்குக் கீழே 'நகல்' என்று ஒரு பட்டியல் இருக்குமே: துறைத் தலைவர், நிதி அலுவலர், தணிக்கைப் பிரிவு, இருப்புக் கோப்பு. அதில் 'கணினிப் பிரிவு' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிப் பதிவாளரிடம் குறிப்பு வையுங்கள். செலவு ஒரு காகிதம்.

உங்கள் தாமதத்துக்குக் காரணம் டெக்னீஷியன்கள் இல்லை. ஆணை போட்டதிலிருந்து ஆள் வந்து சேருவதற்குள் பெரும்பாலும் பத்துப் பதினைந்து நாள் கிடைக்கிறது. அந்த நாட்களில் உங்கள் பிரிவுக்கு எதுவுமே தெரியாது. ஆள் வந்து பணியேற்பு அறிக்கை கொடுத்து, அது துறைத் தலைவர் வழியாக எஸ்டாப்ளிஷ்மென்ட் (பணியாளர் பிரிவு) போய், அங்கே பணியாளர் எண் போட்டு, அப்புறம் யாரோ ஞாபகம் வந்து உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினால்தான் வேலை தொடங்குகிறது. கணக்கு உருவாக்குவது ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னால் நிற்கிற இரண்டு வாரத்தைத்தான் வெட்ட வேண்டும்.

"ஆணை வாங்கியவர் சேராமலே போய்விட்டால்?" என்று எஸ்டாப்ளிஷ்மென்டில் கேட்பார்கள். கேள்வி நியாயம்தான். கணக்கை உருவாக்கி, உடனே அதை சஸ்பெண்ட் (தற்காலிக முடக்கம்) நிலையில் வைத்துவிடுங்கள். சேர்ந்த அன்று ஒரு கிளிக்கில் உயிர் கொடுக்கலாம். சேராவிட்டால் நீக்கிவிடலாம். நீக்கியது தவறு என்று பிறகு தெரிந்தாலும் 20 நாளுக்குள் மீட்க கூகுள் அனுமதிக்கிறது.

எஸ்டாப்ளிஷ்மென்டிலிருந்து உங்களுக்கு வேண்டிய விவரங்கள் ஒரு கூகுள் ஷீட்டில் அடங்கிவிடும்: பணியாளர் எண், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி பெயர், துறை, சேரும் நாள், சொந்த மொபைல் எண், ஒப்பந்தம் என்றால் முடியும் நாள். பணியாளர் எண்தான் அடிப்படை. பெயர் மாறும், துறை மாறும், எண் மாறாது. எண் போடவே தாமதம் என்றால், ஆணையிலேயே எண்ணைக் குறிப்பிடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் ஒப்புக்கொள்கிறார்கள்.

அடுத்தது பாஸ்வேர்டு பகிர்வு. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் தாமதத்தைவிட இதுதான் ஆபத்து. மாற்றலாகிப் போனவருடைய கணினியில் புதியவர் உட்காருகிறார். குரோமைத் திறந்தால் மேல் மூலையில் பழையவருடைய படம் அப்படியே இருக்கிறது. உள்ளே போனால் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள்: சம்பளப் பட்டியல் தளம், தேர்வுப் பிரிவு மென்பொருள், சில சமயம் அவருடைய சொந்த வங்கிக் கணக்கும்கூட. புதியவர் நல்லவராகவே இருக்கட்டும். நாளைக்கு ஒரு மதிப்பெண் மாறியிருந்தால் பதிவில் யார் பெயர் இருக்கும்? ஆறு மாதத்துக்கு முன்பே திருப்பத்தூருக்கு மாற்றலாகிப் போனவர் பெயர்.

இந்தியக் கணினி அவசரநிலை அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, இணையத் தாக்குதல் நடந்தது தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஒரே கணக்கை நாலு பேர் பயன்படுத்தினால் அந்தப் பதிவை வைத்து என்ன கண்டுபிடிப்பது?

ஊழியர்களைத் திட்டி இது நிற்காது. அவர்கள் பாஸ்வேர்டைப் பகிர்வதற்கு ஒரு நிஜமான தேவை இருக்கிறது: பதிவாளர் அலுவலக முகவரிக்கு வரும் கடிதத்தை அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் பார்க்க வேண்டும். அதனால் பதவிக்கு ஒரு முகவரி, ஆளுக்கு ஒரு முகவரி என்று பிரித்துவிடுங்கள். பதிவாளர், நிதி அலுவலர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், சேர்க்கைப் பிரிவு ஆகிய முகவரிகளை கூகுள் குரூப் ஆக்கி, குரூப்பில் உள்ள எல்லாரும் ஒரே பெட்டியைப் பார்க்கும் கூட்டு இன்பாக்ஸ் வசதியை ஆன் செய்யுங்கள். ஆள் மாறினால் குரூப்பில் ஒருவரை எடுத்து இன்னொருவரைச் சேர்த்தால் போதும், பாஸ்வேர்டு என்ற பேச்சே கிடையாது. ஏற்கெனவே பத்து வருட மெயில் குவிந்து கிடக்கும் பழைய பெட்டி என்றால் குரூப் ஆக்குவது சிரமம். அதற்கு ஜிமெயிலில் டெலிகேஷன் இருக்கிறது. இவர் தன் சொந்த பாஸ்வேர்டில் நுழைந்து அந்தப் பெட்டியைப் பார்க்கலாம், பதிலும் போடலாம். அட்மின் கன்சோலில் (ஒர்க்ஸ்பேஸின் நிர்வாகப் பக்கம்) இந்த வசதியை முதலில் நீங்கள் அனுமதிக்க வேண்டும்.

சரி, ஆளுக்கான முகவரிக்குப் பெயர் எப்படி வைப்பது? நம் ஊரில் இது பெரிய தலைவலி. கூகுள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் காட்டும். நம்மிடம் இருப்பதோ ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். கடைசிப் பெயர் கட்டத்தில் இனிஷியலைப் போடுங்கள், முகவரியில் பெயர் முன்னால், இனிஷியல் பின்னால் வரட்டும். இந்தப் பக்கம் ஏழுமலை இல்லாத அலுவலகம் உண்டா? ஆங்கிலத்தில் அதை ஒருவர் 'இ'யில் தொடங்குவார், இன்னொருவர் 'ஒய்'யில் தொடங்குவார். நடுவில் 'எல்' போடுகிறவர் உண்டு, 'இசட் எச்' போடுகிறவரும் உண்டு. டைப் செய்கிறவர் தன் இஷ்டத்துக்கு எழுதினால் ஆயுசுக்கும் தப்பு. பேராசிரியர் என்றால் இந்த முகவரி ஆய்வுக் கட்டுரையில் அச்சாகும், பிறகு அதை அழிக்க முடியாது. சான்றிதழில் உள்ள எழுத்தையே எடுங்கள். எடுத்துவிட்டு, ஆணையோடு போகும் கடிதத்தில் "உங்கள் முகவரி இதுவாக இருக்கும், திருத்தம் இருந்தால் சேருவதற்கு முன் சொல்லவும்" என்று ஒரு வரி எழுதுங்கள்.

ஒரே பெயர், ஒரே இனிஷியல் என்று இரண்டு பேர் வந்தால் ஊர் இனிஷியலையும் சேருங்கள், அதுவும் ஒன்றாக இருந்தால் ஓர் எண். துறைப் பெயரைச் சேர்க்காதீர்கள். துறை மாறினால் முகவரி பொய்யாகிவிடும். திருமணத்துக்குப் பின் இனிஷியல் மாற்றக் கேட்கிறவருக்குத் தயங்காமல் மாற்றிக் கொடுங்கள். கூகுளில் பெயர் மாற்றினால் பழைய முகவரி தானாகவே மாற்று முகவரியாக நின்றுவிடும், பழைய கடிதங்களும் வந்து சேரும். ஆனால் ஓய்வு பெற்ற ஒருவரின் முகவரியை அதே பெயருள்ள புதியவருக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். அவருடைய வங்கித் தகவல் முதல் பதிப்பகத்தின் பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பு வரை எல்லாம் இவருக்கு வந்து விழும்.

சேருகிற நாளில் முதல் பாஸ்வேர்டை வாட்ஸ்அப் குழுவில் போடுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். ஆளை நேரில் பார்த்து, ஆணையையும் அடையாள அட்டையையும் சரிபார்த்து, சீட்டில் கொடுங்கள். முதல் நுழைவிலேயே மாற்றியாக வேண்டும் என்ற அமைப்பை ஆன் செய்து வையுங்கள். அதே இருக்கையில் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் (பாஸ்வேர்டோடு மொபைல் வழியாகவும் உறுதிசெய்வது) முடித்துவிடுங்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லாருக்கும் அது கட்டாயம் என்று அமைத்திருந்தால், புதியவர் அதைச் செய்துகொள்ளவே உள்ளே நுழைய முடியாமல் நிற்பார். அட்மின் கன்சோலில் புதுப் பயனருக்கான அவகாசம் என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதை ஒரு வாரம் என்று வையுங்கள். மொபைல் தொலைந்தால் பயன்படும் 10 மாற்றுக் குறியீடுகளை அச்சடித்து அவர் கையில் கொடுங்கள். ஸ்மார்ட்போன் இல்லாத கடைநிலை ஊழியர் இருப்பார். அவருக்கு மொபைலுக்குப் பதிலாகக் கணினியில் செருகும் யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி ஒன்று வாங்கலாம்.

புதியவரிடம் இன்னொன்றையும் அப்போதே சொல்லிவிடுங்கள். துணைவேந்தர் பெயரில், "மீட்டிங்கில் இருக்கிறேன், அவசரமாக கிஃப்ட் கார்டு வாங்கி அனுப்பு" என்று ஒரு மெயில் வரலாம். சேர்ந்து சில நாளே ஆனவர்தான் இதில் விழுவார், துணைவேந்தர் அப்படிக் கேட்கமாட்டார் என்பது அவருக்குத் தெரியாதே.

கணினிக்கு வருவோம். ஆள் வருவதற்கு முந்தின வாரம் டெக்னீஷியன் அந்த மேசைக்கே போய்ப் பார்க்க வேண்டும். ஸ்டாக் ரிஜிஸ்டரில் கணினி இருக்கும், மேசையும் இருக்கும், லேன் பாயின்ட் (நெட்வொர்க் வயர் செருகும் இடம்) மட்டும் பீரோவுக்குப் பின்னால் இருக்கும். பீரோவை நகர்த்த ஆள் தேடியே ஒரு நாள் போகும். பாயின்ட் கிடைத்தாலும் மறுமுனை ஸ்விட்சில் செருகியிருக்கிறதா என்று லேப்டாப்பை மாட்டிப் பாருங்கள். வெள்ளையடித்தபோது உருவிவிட்டுப் போயிருப்பார்கள்.

பழைய கணினியைத் துடைத்துக் கொடுப்பதாக இருந்தால் முதலில் அது விண்டோஸ் 11 தாங்குமா என்று பாருங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 11-க்கு டிபிஎம் 2.0 (கணினிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சிப்) வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகக் கூடாது. தாங்காத கணினிகளை மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம்) போட்டு ஆய்வகத்துக்குத் தள்ளலாம். அலுவலக மேசையில் வைத்தால் தினமும் சண்டை வரும். எந்தக் கணினியாக இருந்தாலும் முன்பிருந்தவரின் ப்ரொஃபைலை மட்டும் அழித்துவிட்டுக் கொடுக்காதீர்கள். வேண்டிய கோப்புகளைத் துறையின் பொது டிரைவுக்கு மாற்றிவிட்டு முழுவதும் ஃபார்மட் செய்யுங்கள். புதியவருக்கு சாதாரண பயனர் கணக்கு, அட்மின் உரிமை டெக்னீஷியனிடம். புதிதாக லேப்டாப் வாங்கும்போது விவரக்குறிப்பில் விண்டோஸ் ப்ரோ என்று எழுத மறந்தால் ஹோம் வந்து நிற்கும், அதை விண்டோஸ் டொமைனில் (அலுவலகக் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) சேர்க்க முடியாது.

தமிழ் தட்டச்சையும் அன்றே முடியுங்கள். விண்டோஸ் 11-இல் தமிழ்99 விசைப்பலகை கூடவே வருகிறது, ஆன் செய்தால் போதும். ஆனால் அந்த மேசையின் பழைய கோப்புகள் பெரும்பாலும் வானவில் எழுத்துருவில் இருக்கும். புதுக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டும். "கோப்பு கெட்டுப்போச்சு சார்" என்று உங்களுக்குத்தான் போன் வரும். எழுத்துருவைப் போட்டுக் கொடுத்து, என்எச்எம் கன்வர்ட்டரில் யூனிகோடாக மாற்றவும் காட்டிக்கொடுங்கள். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டாகிவிட்டது, அலுவலக மேசைகள்தான் இன்னும் பாக்கி.

யுபிஎஸ் பற்றி வெளியூர்க் கையேடுகள் அவ்வளவாகப் பேசாது, வேலூர் வெயிலில் இருக்கிற நாம் பேசித்தான் ஆக வேண்டும். லெட்-ஆசிட் பேட்டரியின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ பாதியாகிவிடும். 25 டிகிரியில் நாலு வருடம் ஓடக்கூடியது 35-இல் இரண்டு வருடத்தில் படுத்துவிடும். கத்திரி முழுக்கப் பூட்டிக் கிடந்த அறையில் ஜூன் மாதம் ஆளை உட்கார வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாங்கினால் சரி. லேசர் பிரிண்டரை மட்டும் அந்த யுபிஎஸ்ஸில் மாட்ட விடாதீர்கள்.

உரிமைகள் தருவதில் ஒரு விஷயம்: "அவருக்கு இருந்ததையே இவருக்கும் கொடுங்க" என்று கடிதம் வந்தால் திருப்பி அனுப்புங்கள். முன்பிருந்தவர் பத்து வருடத்தில் மூன்று பிரிவு மாறியிருப்பார், மூன்றின் உரிமையும் அவரிடம் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தப் பணிக்கு எது தேவை என்று துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டுக் கேட்கட்டும். ஆசிரியர்களுக்கு மின்னிதழ்களும் வேண்டும். நீங்கள் அரசுப் பல்கலைக்கழகம் என்றால், 2025 ஜனவரி 1 முதல் நடக்கும் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் கிடைக்கும். வளாகத்துக்குள் இருந்து பார்ப்பதில் சிரமம் இல்லை. வீட்டிலிருந்து நுழைய பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் அமைப்பான இன்ஃப்ளிப்நெட்டின் இன்ஃபெட் என்ற நுழைவு வழி வேண்டும். புதியவர் பட்டியலை நூலகருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டால் அது அவர் வேலை.

கௌரவ விரிவுரையாளர், அவுட்சோர்சிங் ஊழியர் கணக்குகளுக்கு முடியும் நாளை ஷீட்டில் எழுதி, அந்த நாளில் சஸ்பெண்ட் செய்யுங்கள். நீட்டிப்பு ஆணை வந்தால் திறந்துவிடலாம். இதைச் செய்யாத அலுவலகத்தில், போனவர்களின் கணக்குகள் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணினால் பயமாக இருக்கும். நிரந்தரப் பணியாளர் ஓய்வு பெறும்போது நோ டியூ படிவத்தில் நூலகம் கையெழுத்துப் போடுகிற மாதிரி கணினிப் பிரிவும் போட வேண்டும். ஈஆர்பி (நிர்வாக மென்பொருள்), நிதி, தேர்வு உரிமைகள் அன்று மாலையே போய்விட வேண்டும். பேராசிரியருடைய மெயிலை மட்டும் அவ்வளவு அவசரமாக மூடாதீர்கள் என்பேன்; சஸ்பெண்ட் ஆன பெட்டிக்குப் புது மெயில் வராது, பாதியில் இருக்கும் கட்டுரையும் ஆய்வு மாணவரும் தவிப்பார்கள். ஆறு மாதம் கொடுக்கலாம். நீக்குவதற்கு முன் டிரைவில் இருப்பதைத் துறையில் ஒருவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கணினிப் பிரிவு கூடுதல் பொறுப்பு என்கிறீர்கள். சூப்பர் அட்மின் கணக்கு (ஒர்க்ஸ்பேஸ் முழுவதையும் கட்டுப்படுத்தும் கணக்கு) யாரிடம் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். பல இடங்களில் அது என்றைக்கோ வெப்சைட் செய்து கொடுத்த வெளி ஆளின் ஜிமெயிலோடும் மொபைலோடும் கட்டுண்டு கிடக்கிறது. குறைந்தது இரண்டு பேருக்குத் தனித்தனியாக அந்தக் கணக்கு இருக்க வேண்டும், தினசரி மெயில் பார்க்கும் கணக்காக இருக்கக் கூடாது. கையோடு, உங்கள் ஏசி டாட் இன் டொமைனுக்கு (பல்கலைக்கழகத்தின் இணைய முகவரி) அதைப் பதிவு செய்து தரும் எர்நெட்டிலிருந்து வரும் புதுப்பிப்பு அறிவிப்பு எந்த முகவரிக்குப் போகிறது என்றும் கேளுங்கள். ஓய்வு பெற்றவர் யாருடைய பெட்டிக்காவது போய்க்கொண்டிருந்தால், பதிவாளர் கையெழுத்துடன் மாற்றக் கோரும் கடிதத்தை ஜூனுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.